மேஜைக்கு அடியில் ஒயர் குவியல்: ஈரமும் எலியும் உள்ள டெல்டாவில் கேபிள்களை எப்படி ஒழுங்குபடுத்துவது?

நவம்பர் இரண்டாவது வாரம். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் எந்த இ-சேவை மையத்துக்குப் போனாலும் கூட்டம்தான். சம்பா, தாளடி நெற்பயிருக்குக் காப்பீடு செய்ய, பெரும்பாலான ஆண்டுகளில் நவம்பர் 15தான் கடைசி நாளாக அறிவிக்கப்படுகிறது. கையில் சிட்டா, அடங்கல், ஆதார், பேங்க் பாஸ்புக். வெளியே வடகிழக்குப் பருவமழை. "தம்பி, இன்னிக்குள்ள ஏத்திடலாமா?" "ஏத்திடலாம் ஐயா, சர்வர்தான் மெதுவா இருக்கு."

இப்படி ஒரு நேரத்தில் யாரோ ஒருவரின் கால் மேஜைக்கு அடியில் கிடக்கும் ஜங்ஷன் பாக்ஸில் இடறினால் போதும். கம்ப்யூட்டர் அணையும். பாதி ஏற்றிய விண்ணப்பம் போகும். வரிசை நின்றுவிடும். இது சின்னத் தொல்லை. ஈரக் கால், ஈரத் தரை, எலி கடித்த ஒயர் என்று மூன்றும் ஒரே இடத்தில் சேர்ந்தால் அது உயிர் போகும் விஷயம்.

மேஜை ஒயர்களை ஒழுங்குபடுத்துவது பற்றி இணையத்தில் ஏராளமான வீடியோக்கள் இருக்கின்றன. அவற்றில் பெரும்பாலானவை அழகைப் பற்றியே பேசுகின்றன. ஒரு ஒயர்கூடக் கண்ணில் படாமல் மறைத்துவிட்டால் வேலை முடிந்தது என்கின்றன. காவிரி டெல்டா மாதிரி ஈரமான, எலி அதிகமுள்ள ஊருக்கு அந்த யோசனை அப்படியே பொருந்துமா? பொருந்தாது. ஏன், எப்படி என்பதை விரிவாகப் பார்க்கலாம்.

டெல்டாவில் இது ஏன் தனிப் பிரச்சினை?

மின்கம்பி ஆபத்து என்றதும் தஞ்சாவூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது களிமேடு. 2022 ஏப்ரல் 27 அதிகாலை, அப்பர் சதய விழாத் தேர் உயர் அழுத்த மின்கம்பியில் உரசியதில் 11 பேர் உயிரிழந்தனர். அதற்கு முன் 2018 நவம்பர் 16-ல் வேதாரண்யம் அருகே கரையைக் கடந்த கஜா புயலில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பல கிராமங்கள் நாள்கணக்கில், சில இடங்களில் வாரக்கணக்கில் இருட்டில் கிடந்தன.

இதனால் வெளியே தொங்கும் கம்பி மீது எல்லோருக்கும் பயம் இருக்கிறது. ஆனால், வீட்டுக்குள், கடைக்குள், அலுவலகத்துக்குள் மேஜைக்கு அடியில் கிடக்கும் ஒயரைப் பார்த்தால், "ஒயர்தானே, அப்புறம் பார்த்துக்கலாம்" என்ற நினைப்புதான் வருகிறது. உள்ளே வருவதும் 230 வோல்ட் மின்சாரம்தான். கம்பத்துக் கம்பி மின்வாரியத்தின் பொறுப்பு. பிளக்குக்கு இந்தப் பக்கம் இருக்கும் ஒயர் அதைப் பயன்படுத்துபவரின் பொறுப்பு.

டெல்டாவில் இந்த ஒயர்களுக்கு நான்கு எதிரிகள் இருக்கின்றன.

முதலாவது, ஈரம். இந்தப் பகுதியின் ஆண்டு மழையில் பெரும்பங்கு அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்கிறது. இந்த மாதங்களில் பழைய கட்டடங்களில் சுவர் வியர்க்கும், தரை கசியும். மழையில் நனைந்த செருப்போடும் குடையோடும் வருபவர்கள் கொண்டுவரும் தண்ணீர் வேறு.

இரண்டாவது, எலி. வயல் அறுவடை முடிந்து காலியானதும் எலிகள் இரை தேடி வீடு, குடோன், அலுவலகம் பக்கம் திரும்பும்.

மூன்றாவது, தூசி. நெல் தூற்றும் இடம், அரிசி ஆலை, குடோன் ஆகியவற்றின் பக்கத்தில் இருக்கும் மேஜையில் உமித்தூசியும் சுணையும் படிந்துகொண்டே இருக்கும். காய்ந்த தூசி எளிதில் தீப்பிடிக்கும். அதே தூசி ஈரம் பட்டால் பிளக் முனைகளுக்கு இடையே மின்சாரம் கசிய வழி கொடுக்கும்.

நான்காவது, ஏறி இறங்கும் வோல்டேஜ். ஒரே லைனில் பம்புசெட் மோட்டார்கள் பல ஓடும்போது வோல்டேஜ் இறங்கும். மின்சாரம் போய்த் திரும்ப வரும்போது சில நேரம் தாவும். இதற்காகவே பலர் யு.பி.எஸ்., இன்வெர்ட்டர், ஸ்டெபிலைசர் என்று வாங்கி வைக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு ஒயர். மேஜைக்கு அடியில் குவியல் பெரிதாவது இப்படித்தான்.

கிராம இ-சேவை மையம் முதல், தஞ்சாவூரில் 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட மினி டைடல் பூங்கா வரை கம்ப்யூட்டர் மேஜைகள் பெருகிவரும் காலம் இது. வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் இளைஞர்களும் இருக்கிறார்கள். அதனால் இது சிலருக்கு மட்டுமான விஷயம் அல்ல.

ஒயர் எப்படிச் சூடாகிறது?

வீடுகளில் சாதாரணமாக இருக்கும் சின்ன சாக்கெட் 6 ஆம்பியர் அளவுடையது. 230 வோல்ட்டை 6-ஆல் பெருக்கினால் 1,380 வாட். அந்த சாக்கெட்டில் சொருகிய ஜங்ஷன் பாக்ஸில் நான்கு துளை இருந்தாலும் சரி, எட்டு துளை இருந்தாலும் சரி, மொத்தமாக 1,380 வாட்டுக்கு மேல் போகக்கூடாது. துளை அதிகம் என்பதால் தாங்கும் சக்தி அதிகமாகிவிடாது.

கம்ப்யூட்டரும் மானிட்டரும் சேர்ந்து ஏறத்தாழ 200 வாட். ஒரு மேஜை ஃபேன் 60 வாட். இன்டர்நெட் ரூட்டர் 10 முதல் 15 வாட். இதுவரை பயமில்லை. லேசர் பிரிண்டர் சூடேறும் சில நொடிகளில் தனியாக 1,000 வாட் வரை இழுக்கும். அதே பாக்ஸில் டீக்காக 1,500 வாட் கெட்டிலையும் சொருகினால் கணக்கு எங்கேயோ போய்விடும். அயர்ன் பாக்ஸ், கெட்டில், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் கம்ப்யூட்டர் மேஜையின் பாக்ஸ் பக்கமே வரக்கூடாது. அவற்றுக்குச் சுவரிலேயே தனியாக 16 ஆம்பியர் பாயிண்ட் வேண்டும்.

கரண்ட் அதிகமாகும்போது சூடு அதே விகிதத்தில் ஏறுவதில்லை. கரண்ட் இரண்டு மடங்கானால் ஒயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும். சந்தையில் கிடைக்கும் மலிவான பாக்ஸ்கள் பலவற்றில் ஒயர் மெல்லிசாக இருக்கும். மெல்லிய ஒயருக்குத் தடை அதிகம், சூடும் அதிகம்.

இன்னொரு காரணம், லூஸ் கனெக்‌ஷன். பிளக் ஆடிக்கொண்டிருந்தால் அந்தத் தொடும் இடத்தில் தடை கூடும், சிறு பொறி பறக்கும், பிளாஸ்டிக் கருகும். சாக்கெட்டைச் சுற்றிப் பழுப்புக் கறை, எரிந்த நாற்றம், 'கிர்ர்' என்ற சத்தம் ஆகிய மூன்றில் எது இருந்தாலும் அந்த பாயிண்டைப் பயன்படுத்தக் கூடாது.

நீளமான ஒயரைச் சுருட்டிக் கட்டி வைப்பதிலும் இதே சிக்கல் உண்டு. கம்ப்யூட்டர் மாதிரி சின்ன லோடுக்குத் தளர்வான சில சுற்றுகளால் பெரிய ஆபத்து இல்லை. அதிக லோடு இழுக்கும் எக்ஸ்டென்ஷன் ஒயரை இறுக்கமாகச் சுருட்டி வைத்தால், உள்சுற்றின் சூடு வெளியேற வழியில்லாமல் இன்சுலேஷன் இளகிவிடும். அப்படிப்பட்ட ஒயரை முழுசாகப் பிரித்துப் போட்டுத்தான் பயன்படுத்த வேண்டும்.

மறைத்து வைப்பது ஏன் ஒழுங்கு ஆகாது?

அட்டைப் பெட்டியிலோ பிளாஸ்டிக் டப்பாவிலோ ஜங்ஷன் பாக்ஸையும் எல்லா ஒயர்களையும் திணித்து மூடிவிட்டால் மேஜை பளிச்சென்று இருக்கும். ஆனால், அந்தப் பெட்டிக்குள் சூடு தங்கும். தூசி சேரும். எலிக்கு அது நல்ல இருட்டான கூடு. உள்ளே ஒரு ஒயர் உருகினாலும், எலி கடித்தாலும் வெளியே தெரியாது. தெரியும்போது புகை வந்திருக்கும்.

கம்பளத்துக்கு அடியில், பாய்க்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் நசுங்கும்படி ஒயரைக் கொண்டுபோவதும் இதே தவறுதான். மேலே மிதிக்க மிதிக்க உள்ளே உள்ள செம்பு இழைகள் ஒவ்வொன்றாக அறுந்து, மிச்சமுள்ள சில இழைகள் வழியாக முழுக் கரண்டும் போகும்.

அப்படியானால் எதுதான் ஒழுங்கு? மூன்று கேள்விகள் போதும். ஒயர் தரையைத் தொடாமல் இருக்கிறதா? ஒவ்வொரு ஒயரும் எங்கிருந்து எங்கே போகிறது என்று குனிந்து பார்த்தால் தெரிகிறதா? அவசரத்துக்கு மெயின் சுவிட்சும் பிளக்கும் கைக்கு எட்டுகின்றனவா? மூன்றுக்கும் 'ஆமாம்' என்றால் அந்த மேஜை ஒழுங்கான மேஜை. பார்க்க அவ்வளவு அழகாக இல்லாவிட்டாலும் பரவாயில்லை.

படிப்படியாக எப்படிச் செய்வது?

ஒரு மேஜைக்கு ஒன்றிரண்டு மணி நேரம் ஒதுக்கினால் போதும். பகல் வெளிச்சத்தில், கை காய்ந்திருக்கும்போது, காலில் காய்ந்த ரப்பர் செருப்போடு செய்வது நல்லது.

முதலில் இருக்கும் நிலையை மொபைலில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த ஒயர் எந்தத் துளையில் இருந்தது என்பது பிறகு மறந்துபோகும்.

அடுத்து, கம்ப்யூட்டரை முறைப்படி அணைத்து, சுவர் சுவிட்சை நிறுத்தி, பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை மட்டும் நம்பக் கூடாது. தப்பாக ஒயரிங் செய்த பாயிண்டில் சுவிட்ச் அணைந்திருந்தாலும் துளையில் கரண்ட் இருக்கும். யு.பி.எஸ். இருந்தால் அதையும் தனியாக அணைக்க வேண்டும். சுவரிலிருந்து பிடுங்கினாலும் அதன் பேட்டரி பின்பக்க சாக்கெட்டுக்கு 230 வோல்ட் கொடுத்துக்கொண்டுதான் இருக்கும்.

எல்லா ஒயர்களையும் வெளியே எடுத்துக் காய்ந்த துணியால் துடையுங்கள். துடைக்கும்போதே விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு, பல் பதிந்த தடம், விறைத்துப்போன இடம், டேப் சுற்றிய ஒட்டு தட்டுப்பட்டால் அந்த ஒயரைத் தனியே வையுங்கள். கரண்ட் ஒயரில் டேப் ஒட்டு நிரந்தரத் தீர்வு கிடையாது. மாற்றிவிட வேண்டும்.

எதற்கென்றே தெரியாத பழைய சார்ஜர், போன பிரிண்டரின் ஒயர் போன்றவற்றை மேஜையை விட்டு அப்புறப்படுத்துங்கள். பல மேஜைகளில் இதிலேயே குவியல் பாதியாகிவிடும்.

மிச்சமுள்ளவற்றை இரண்டாகப் பிரியுங்கள். கரண்ட் ஒயர்கள் ஒரு பக்கம். லேன், யு.எஸ்.பி., மானிட்டர், போன் கேபிள்கள் இன்னொரு பக்கம். இரண்டையும் ஒரே கட்டாகக் கட்டக்கூடாது. கரண்ட் ஒயரின் இன்சுலேஷன் பழுதானால், பக்கத்தில் ஒட்டியிருக்கும் டேட்டா கேபிள் வழியாகக் கருவிக்கும் கைக்கும் மின்சாரம் வரலாம். லேன் கேபிளில் இரைச்சல் கலக்கவும் வாய்ப்புண்டு. மேஜையின் ஒரு கால் வழியாகக் கரண்ட், இன்னொரு கால் வழியாக டேட்டா என்று வைத்துக்கொள்ளலாம். இரண்டும் குறுக்கிட வேண்டிய இடத்தில் கூட்டல் குறி மாதிரி நேர்க்குறுக்காகக் கடந்து போகட்டும்.

ஜங்ஷன் பாக்ஸைத் தரையில் போடாமல், மேஜையின் அடிப்பலகையிலோ பின்பக்கத்திலோ திருகு போட்டு நிறுத்துங்கள். மழைக்காலத்தில் தண்ணீர் உள்ளே வரும் பழக்கமுள்ள இடமென்றால், வழக்கமாகத் தண்ணீர் நிற்கும் மட்டத்துக்கு நன்றாக மேலே இருக்க வேண்டும். துளைகள் பக்கவாட்டில் பார்த்தபடி இருந்தால் மேலேயிருந்து கொட்டும் டீயும் தூசியும் உள்ளே இறங்காது.

ஒவ்வொரு ஒயரின் இரண்டு முனையிலும் பெயர் எழுதி ஒட்டுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் வெள்ளை பிளாஸ்டரில் பால்பாயிண்ட் பேனாவால் 'மானிட்டர்', 'பிரிண்டர்', 'ரூட்டர்' என்று எழுதினால் போதும். ரூட்டரை அணைக்கப் போய்க் கம்ப்யூட்டரை அணைக்கும் தவறு அதோடு தீரும்.

கடைசியில் பிளக் பக்கம் கொஞ்சம் ஒயரைத் தளர்வாக விடுங்கள். மேஜையை நாலு விரல் நகர்த்தினாலும் பிளக் இழுபடக் கூடாது. ஒரு பாக்ஸில் இன்னொரு பாக்ஸைச் சொருகித் தொடர் சேர்ப்பதும் வேண்டாம். துளை போதவில்லை என்றால் சுவரில் இன்னொரு பாயிண்ட் போடுவதுதான் வழி.

எதைக் கொண்டு கட்டுவது?

வெல்க்ரோ பட்டைதான் மேஜைக்கு வசதி. பிரித்துத் திரும்பக் கட்டலாம், ஒயரை நெரிக்காது. அது கிடைக்காவிட்டால் கட்டிலுக்குப் பயன்படுத்தும் பருத்தி நாடாவை வெட்டிக்கொள்ளலாம்.

பிளாஸ்டிக் ஜிப் டை மலிவு. ஆனால், பலர் அதை முடிந்தவரை இழுத்து இறுக்கிவிடுகிறார்கள். கட்டிய பிறகு ஒயர் கட்டுக்குள் லேசாக நகர வேண்டும். வெட்டிய முனை கூர்மையாக நிற்காமல் ஒட்ட வெட்ட வேண்டும்.

ரப்பர் பேண்டு இந்த ஊர் வெயிலுக்குச் சில மாதங்களில் இளகி ஒயரோடு ஒட்டிக்கொள்ளும். பூ கட்டும் வாழைநார் காய்ந்தால் தீக்கு விறகு. மெல்லிய இரும்புக் கம்பி இன்சுலேஷனை அறுத்து உள்ளே இறங்கும். இவை மூன்றும் வேண்டாம். 'ப' வடிவ ஆணியை ஒயர் மேலேயே அடிப்பதும் ஆபத்து. ஆணி ஒரு நூல் தப்பினால் ஒயருக்குள்ளே போகும்.

சுவர் ஓரமாகப் போகும் ஒயருக்கு எலக்ட்ரிக்கல் கடையில் 'கேசிங் கேப்பிங்' என்று கேட்டால் மூடியுள்ள பி.வி.சி. பட்டை தருவார்கள். மூடியைத் திறந்து பார்க்க முடியும் என்பதால் இது மறைத்து வைப்பதில் சேராது. அதற்குள்ளும் நெருக்கித் திணிக்காமல் காற்றுக்கு இடம் விட வேண்டும்.

ஒயர், பாக்ஸ் வாங்கும்போது ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். பி.வி.சி. ஒயருக்கு ஐ.எஸ். 694, பிளக், சாக்கெட்டுக்கு ஐ.எஸ். 1293 என்பவை இந்தியத் தர எண்கள். பிளக்கில் மூன்று பின் இருக்கட்டும். பெரிதாகவும் நீளமாகவும் இருக்கும் மேல் பின்தான் எர்த். முதலில் தொடுவதும், கடைசியில் விடுபடுவதும் அதுவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த நீளம். அதை வெட்டிவிட்டுச் சொருகுவதும், வெறும் ஒயரைத் துளையில் விட்டுத் தீக்குச்சி சொருகி நிறுத்துவதும் இன்னும் பல இடங்களில் நடக்கின்றன. கம்ப்யூட்டரின் இரும்புப் பெட்டியில் கசியும் மின்சாரம் மண்ணுக்குப் போக இருக்கும் ஒரே வழி அந்த எர்த் பின். அது இல்லையென்றால் தொடுபவரின் உடம்புதான் வழி.

ஃபைபர் கேபிளை மட்டும் வேறு மாதிரி பார்க்க வேண்டும்

கிராமங்களிலும் இப்போது கண்ணாடி இழை வழியாக இன்டர்நெட் வருகிறது. பார்க்க டெலிபோன் ஒயர் மாதிரி இருந்தாலும் உள்ளே இருப்பது தலைமுடி அளவுள்ள கண்ணாடி. செம்பு ஒயரை மடக்குகிற மாதிரி மடக்கினால் உள்ளே போகும் ஒளி வெளியே கசிந்துவிடும். வேகம் குறையும், அல்லது இணைப்பே போகும். ரூட்டர் பெட்டியில் சிவப்பு விளக்கு எரிவதற்குப் பல நேரம் காரணம், மேஜை மூலையில் மடங்கிக் கிடக்கும் ஃபைபர்தான்.

அதிகம் வளையும் ரகங்கள் இருக்கின்றன. எந்த ரகம் என்று தெரியாதபோது டீ கிளாஸ் வாயளவுக்குக் குறையாத வட்டமாகச் சுற்றி வைப்பது பாதுகாப்பு. அதன்மேல் ஜிப் டை போட்டு இறுக்கக் கூடாது. அறுந்த முனையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்ப்பதும் கூடாது. அதில் வரும் லேசர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, ஆனால் கண்ணைப் பாதிக்கலாம்.

எலிக்கு என்ன வழி?

எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுக்க வளர்ந்துகொண்டே இருக்கும். தேய்த்துக் குறைக்க அது எதையாவது கடித்தாக வேண்டும். பி.வி.சி. ஒயர் அதற்குத் தோதான பருமன், தோதான மென்மை. பசிதான் காரணம் என்று நினைத்துச் சாப்பாட்டை மட்டும் ஒளித்து வைத்தால் போதாது.

ஆனாலும் சாப்பாடுதான் எலியை மேஜைக்கு அழைத்து வருகிறது. கீ-போர்டு மேலே சிந்தும் மிக்சர், டிராயரில் இருக்கும் பிஸ்கட், மூலையில் சிந்திய நெல் ஆகியவற்றை மாலையில் பெருக்கிவிட்டுக் கதவைச் சாத்துங்கள்.

அடுத்தது வழியை அடைப்பது. ஒயர் உள்ளே வரும் சுவர் ஓட்டைகளைப் பாருங்கள். சுண்டெலிக்கு 6 மில்லிமீட்டர் இடுக்கு இருந்தாலே போதும், நுழைந்துவிடும். துணி, தெர்மாகோல், பஞ்சு வைத்து அடைத்தால் கடித்து எடுத்துவிடும். சிமெண்ட் பூசலாம், அல்லது துளையில் இரும்புவலைத் துண்டை வைத்து அதன்மேல் பூசலாம். வலை முனை ஒயரைக் குத்தாமல் ஒயருக்கு ஒரு குழாய்த் துண்டு மாட்டிவிட வேண்டும். தரையோரம் தவிர்க்க முடியாமல் போகும் ஒயருக்கு இரும்பு ஃப்ளெக்சிபிள் பைப் போடலாம். அந்த பைப்பை எர்த் செய்யும் வேலையை எலக்ட்ரீஷியனிடம் விடுங்கள்.

விஷம் வைப்பதில் கவனம் தேவை. விஷம் தின்ற எலி கேசிங்குக்குள்ளோ மேல்கூரையிலோ போய்ச் செத்தால் எடுப்பது கடினம். வயல் வளையில் வைக்கும் மாத்திரைகள் நச்சு வாயு விடுபவை. அவற்றை அறைக்குள் வைப்பது மனிதருக்கே ஆபத்து. வயலுக்கு மூங்கிலில் செய்த தஞ்சாவூர் கிட்டி இருப்பது போல, அலுவலகத்துக்குக் கூண்டுப் பொறிதான் ஏற்றது. சுவரோரமாக வைத்தால் பலன் அதிகம். ஏனென்றால், எலி நடு அறையில் ஓடாது, சுவரை ஒட்டித்தான் ஓடும்.

மழையும் இடியும்

வெளியிலிருந்து வரும் கேபிள் சரிவாக நேரே அறைக்குள் இறங்கினால் மழைத்தண்ணீர் அதைப் பிடித்துக்கொண்டே உள்ளே வரும். ஓட்டைக்கு முன்னால் கேபிளைக் கொஞ்சம் தொங்கவிட்டு, கீழிருந்து மேலாக உள்ளே நுழையச் செய்யுங்கள். தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

இடி இடிக்கத் தொடங்கும் முன்பே கம்ப்யூட்டர் பிளக்கையும், வெளியிலிருந்து வரும் செம்பு கேபிளையும் கழற்றிவிடுவது நல்லது. இடி தலைக்கு மேல் வந்த பிறகு ஒயரைத் தொட வேண்டாம். கண்ணாடி இழை மின்சாரம் கடத்தாது. ஆனால், கம்பத்திலிருந்து வரும் பல ஃபைபர் கேபிள்களில் தாங்குவதற்காக ஒரு இரும்புக் கம்பி சேர்ந்தே வரும். அந்தக் கம்பியைக் கட்டடத்துக்கு வெளியிலேயே நிறுத்திவிட வேண்டும். ரூட்டர் வரை இழுத்துவரக் கூடாது.

ஸ்பைக் பஸ்டர் இருந்தால் எல்லாம் தாங்கும் என்ற நம்பிக்கையும் சரியல்ல. சின்னச் சின்ன வோல்டேஜ் தாவலைத்தான் அது உறிஞ்சும். உறிஞ்ச உறிஞ்ச அதன் சக்தியும் குறையும். பாதுகாப்பு விளக்கு உள்ள மாடலில் அந்த விளக்கு அணைந்துவிட்டால் அதற்குப் பிறகு அது வெறும் ஜங்ஷன் பாக்ஸ்தான்.

அறைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டால் முதல் வேலை, தண்ணீரில் கால் வைக்காமல் மெயினை அணைப்பது. மெயின் போர்டுக்குப் போகும் வழியிலேயே தண்ணீர் நின்றால் உள்ளே போகாமல் மின்வாரியத்தை அழையுங்கள். மின்னகம் எண் 94987 94987, 24 மணி நேரமும் இயங்குகிறது. நனைந்த பாக்ஸ், பிளக், யு.பி.எஸ். ஆகியவற்றை வெயிலில் காயவைத்து அப்படியே திரும்ப மாட்டக் கூடாது.

கொள்முதல் நிலைய மேஜைக்கு என்ன செய்யலாம்?

தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகத்தின் நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் பல, சீசனுக்கு மட்டும் இயங்குபவை. தூற்றும் இயந்திரம், எலக்ட்ரானிக் தராசு, லைட், பதிவு மேஜை என்று எல்லாமே ஒரு சில பாயிண்டுகளிலிருந்து ஒயர் இழுத்து ஓடும். ஒரு பக்கம் 40 கிலோ மூட்டையைத் தலையில் சுமந்து ஆட்கள் நடப்பார்கள். அவர்களுக்குக் காலடி தெரியாது. இதுபோன்ற தற்காலிக இடங்களுக்கு மூன்று விஷயங்கள் முக்கியம்.

ஒன்று, தூற்றும் இயந்திர மோட்டாருக்கும் பதிவு மேஜைக்கும் தனித்தனி லைன். மோட்டார் ஸ்டார்ட் ஆகும்போது இழுக்கும் கரண்டில் கம்ப்யூட்டர் அணைவதும், தராசு காட்டும் எண் ஆடுவதும் இதனால் குறையும். எடை என்பது விவசாயிக்குப் பணம்.

இரண்டு, நடக்கும் வழியில் ஒயர் தரையில் போகக் கூடாது. கம்பம் நட்டுத் தலைக்கும் மூட்டைக்கும் மேலே எட்டாத உயரத்தில் கொண்டுபோக வேண்டும். நெல் லாரியும் டிராக்டரும் வரும் பக்கம் இன்னும் உயரம் தேவை.

மூன்று, வெட்டவெளியில் எந்த ஒட்டும் ஈரமான நெல், சாக்கு, தார்ப்பாய் மேலே படக் கூடாது. மழையில் தார்ப்பாய் இழுத்து மூடும் அவசரத்தில்தான் அடியில் ஒயர் சிக்கும்.

எப்போது எலக்ட்ரீஷியனைக் கூப்பிட வேண்டும்?

ஒயரைக் கட்டுவது, பெயர் ஒட்டுவது, தூசி துடைப்பது எல்லாம் யாரும் செய்யலாம். சுவர் சாக்கெட்டைக் கழற்றுவது, புது பாயிண்ட் போடுவது, எர்த் சோதிப்பது ஆகியவை உரிமம் பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் 'சுர்ர்' என்று லேசாக அடிக்கிறது என்றால் எர்த் சரியில்லை என்று சந்தேகிக்க வேண்டும். "லேசாத்தான் அடிக்குது" என்று விடக் கூடாது. காய்ந்த காலோடு லேசாக அடிப்பது, ஈரக் காலோடு நிற்கும்போது கொல்லலாம்.

அவர் வரும்போது மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். மின்சாரம் மனித உடம்பு வழியாகவோ ஈரச் சுவர் வழியாகவோ கசிந்தால், நொடிக்கும் குறைவான நேரத்தில் லைனைத் துண்டிக்கும் கருவி அது. உயிர்ப் பாதுகாப்புக்கு 30 மில்லிஆம்பியர் அளவுள்ளது வேண்டும். சாதாரண டிரிப்பர் இந்த வேலையைச் செய்யாது. அது ஓவர்லோடுக்கும் ஷார்ட் சர்க்யூட்டுக்கும் மட்டும்தான். ஆர்.சி.சி.பி.யில் உள்ள டெஸ்ட் பட்டனை அவ்வப்போது அழுத்திப் பார்க்க வேண்டும். லைன் கட் ஆகாவிட்டால் மாற்ற வேண்டிய நேரம்.

விபத்து நேர்ந்தால்?

ஒயர் புகைந்தால் தண்ணீர் ஊற்றக் கூடாது. மெயினை அணையுங்கள். பவுடர் அல்லது கார்பன் டை ஆக்சைடு தீயணைப்பான் இருந்தால் பயன்படுத்துங்கள். இல்லாவிட்டால் காய்ந்த மணல். தீ மேஜையைத் தாண்டிவிட்டால் எல்லோரையும் வெளியேற்றிவிட்டு 101 அல்லது 112-க்கு அழையுங்கள்.

யாருக்காவது ஷாக் அடித்துக் கை ஒட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின். அது முடியாவிட்டால் காய்ந்த மரக்கட்டையாலோ பிளாஸ்டிக் நாற்காலியாலோ அவரை ஒயரிலிருந்து விலக்கி, 108-ஐ அழையுங்கள். எழுந்து உட்கார்ந்துவிட்டார் என்றாலும் ஆஸ்பத்திரிக்குப் போவது அவசியம். இதயத் துடிப்பில் கோளாறு பிறகும் தெரியவரலாம்.

வருஷத்துக்கு இரண்டு நாள்

இதை நினைவில் வைத்துக்கொள்ளத் தனி காலண்டர் வேண்டியதில்லை. ஆயுத பூஜை பெரும்பாலும் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குச் சற்று முன்னால் வருகிறது. கடை, ஆலை, அலுவலகம் எல்லாவற்றிலும் கருவிகளைத் துடைத்துப் பொட்டு வைக்கும் நாள். கம்ப்யூட்டருக்குச் சந்தனம் வைக்கும் முன் பிளக்கைக் கழற்றி, மேஜைக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டால் முதல் சோதனை முடிந்தது. சந்தனத்தையும் தண்ணீரையும் சுவிட்ச், சாக்கெட் பக்கம் மட்டும் கொண்டுபோக வேண்டாம்.

இரண்டாவது சோதனை, தை, மாசியில் சம்பா அறுவடை முடிந்ததும். எலிகள் வயலை விட்டு ஊருக்குள் திரும்பும் நேரம் அதுதான். சுவர் ஓட்டை, பல் தடம், உமித்தூசி ஆகிய மூன்றையும் அப்போது பார்த்தால் போதும்.

வெல்க்ரோ பட்டை, சில கிளிப், கொஞ்சம் சிமெண்ட், ஒரு பிளாஸ்டர் சுருள். செலவு அவ்வளவுதான். அடுத்த நவம்பரில் காப்பீட்டு வரிசையில் ஈரச் செருப்போடு ஒருவர் நிற்கும்போது, அவர் காலடியில் ஒயர் இருக்காது.